தலைவர் பெயரில் ஒரு மண்டபம்

ஆரணி
12.6.1997

அன்புள்ள லதாவுக்கு,

தருமன் சித்தப்பா எழுதுவது. இங்கு நானும் உன் சித்தியும் குமரேசனும் நலம். கண்ணமங்கலத்தில் நீயும் மாப்பிள்ளை வேலுவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளையின் சைக்கிள் கடையில் கூட்டம் நிற்பதாக வேலூர் பஸ்ஸில் போய்வருகிறவர்கள் சொன்னார்கள். சந்தோஷம்.

ஒரு நல்ல செய்தி. நம் அருணோதயா பட்டு நெசவாளர் சங்கத்துக்கு தொண்ணூற்றொன்பதில் இருபத்தைந்து வயது நிறைகிறது. வெள்ளி விழா எடுக்கப்போகிறோம். சங்கத்தை உண்டாக்கியவர் உன் அப்பா. அவர் பெயரில் 'தலைவர் ஜெகநாதன் நினைவு மண்டபம்' கட்டுவது என்று நிர்வாகக் குழுவில் ஏகமனதாக முடிவெடுத்திருக்கிறோம். வாசலில் அண்ணனின் மார்பளவுச் சிலை வரும். அண்ணன் போய் நாலு வருஷம் ஆகிறது. அவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதை உனக்கு எழுதுவதில் எனக்கு எவ்வளவு நிறைவு என்று உனக்கே தெரியும்.

இரண்டு காரியத்துக்கு உன் உதவி வேண்டும். அண்ணனும் நானும் ஜெயிலிலிருந்து வெளியே வந்த அன்று வேலூரில் எடுத்த போட்டோ அண்ணியிடம் இருக்கிறது. சிலை செய்கிறவர் அதைக் கேட்கிறார். அண்ணி தர மாட்டேன் என்கிறார். நீ கேட்டு வாங்கித் தர வேண்டும்.

மற்றது, இடம். சங்கத்துக்கென்று இருப்பது ஆபீசும் அதன் பின்னால் இருக்கிற தறிக் கொட்டகையும்தான். மண்டபம் வருவதென்றால் கொட்டகை இருக்கிற இடத்தில்தான் வர முடியும். அண்ணி அங்கேதான் தறி போட்டுக் குடியிருக்கிறார். அறுபது வயதில் தனியாக அங்கே கிடப்பதைவிட மகளோடு வந்து இருந்தால் அவருக்கும் நல்லது. நீ பக்குவமாக எடுத்துச் சொன்னால் கேட்பார். செயலாளர் ஜெயச்சந்திரன் ஆடிக்குள் இடம் காலியாக வேண்டும் என்று நிற்கிறார். அவர் சுபாவம் உனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தருமன்


கண்ணமங்கலம்
20.6.1997

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அப்பாவுக்கு மண்டபம் கட்ட அம்மாவைத் தெருவில் விட வேண்டும் என்பதை இத்தனை மரியாதையாக எழுத முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். வந்தால் வாய்க்கு வந்ததைப் பேசிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

எழுபத்துநாலில் நாற்பத்தேழு நாள் தறி நிறுத்தினீர்கள். கூலி உயர்த்தாமல் மிதிக்க மாட்டோம் என்றீர்கள். அப்பாவும் நீங்களும் வேலூர் ஜெயிலில் இருந்தீர்கள். வெளியே இருந்த குடும்பங்களுக்கு அந்தக் கொட்டகை வாசலில் அண்டா வைத்துக் கஞ்சி காய்ச்சியது என் அம்மா. அபிதகுசாம்பாள் என்று ஒரு பெயர் இருப்பதே ஊருக்கு மறந்துபோய், கஞ்சி அண்ணி என்றுதானே கூப்பிட்டார்கள். எனக்கு அப்போது பதினோரு வயது. முதல் அகப்பை தெருப் பிள்ளைகளுக்கு, கடைசி அகப்பை எனக்கு. பாதி நாள் கடைசி அகப்பைக்கு அண்டாவில் ஒன்றும் இருக்காது. கேட்டால் அம்மா முறைப்பார்.

எழுபத்தாறில் நெசவாளர் காலனி வந்தது. தொண்ணூற்றாறு வீடு, அத்தனையும் அப்பா நடையாய் நடந்து வாங்கியது. சீட்டு எடுத்ததில் பதினாலாம் நம்பர் வீடு அப்பாவுக்கு விழுந்தது. உங்களுக்கு விழவில்லை. சித்தி அப்போது குமரேசனைச் சுமந்துகொண்டிருந்தார். "எனக்கு கொட்டாய் கீது, தருமனுக்குக் குடு" என்று சீட்டை உங்கள் கையில் வைத்தார் அப்பா. இன்று நீங்கள் குடியிருக்கிற வீடு அது.

அந்த வருஷத்துப் பொதுக்குழுவில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. ஜெகநாதனும் அவர் மனைவியும் ஆயுள் உள்ளவரை கொட்டகையில் இருக்கலாம் என்று எல்லோரும் கை தூக்கினீர்கள். தீர்மானப் புத்தகம் உங்கள் மடியில் இருந்தது, பேனா உங்கள் கையில் இருந்தது. அப்பாதான் தடுத்தார். "எனக்குன்னு ஒரு தீர்மானம் எழுதினா நாளைக்கு வர்றவன்லாம் அவனவனுக்கு எழுதிக்குவான். கை தூக்குனீங்களே, போதும்" என்றார். நான் கதவோரம் நின்று கேட்டேன். அப்பாவின் நேர்மையில் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிற இடம் அது ஒன்றுதான்.

நம் ஆட்களில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கிற வரை அந்தத் தெருவில் தறி மிதிக்க மாட்டார்கள். அப்பாவுக்கு மூன்று நாள் ஆரணி முழுக்கத் தறி நின்றது. அந்த மூன்று நாளை நம்பித்தான் அம்மா இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறார். நம்மை யாரும் போகச் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறார்.

ஜூலை ஆறாம் தேதி பொதுக்குழு என்று தெரியும். அம்மாவுக்கு மண்டபமும் வேண்டாம், மாலையும் வேண்டாம். நீங்கள் எழுந்து நின்று, 'ஆமாம், அன்று கை தூக்கினோம், நான் பார்த்தேன்' என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். தலைவர் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

லதா


ஆரணி
9.7.1997

அன்புள்ள லதாவுக்கு,

நலம். இரண்டு நாளாக எனக்குக் காய்ச்சல், அதனால்தான் உடனே எழுதவில்லை.

பொதுக்குழு நடந்தது. இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மண்டபம் என்றதும் ஒரே கைதட்டல். கொட்டகைப் பேச்சு வந்தபோது ஜெயச்சந்திரன் பழைய தீர்மானப் புத்தகங்களை எல்லாம் மேஜைமேல் அடுக்கி, இதில் எங்கேயாவது தலைவர் குடும்பம் அங்கே இருக்கலாம் என்று ஒரு வரி இருந்தால் காட்டுங்கள் என்றார். எழுத்தில் இல்லை. அது உனக்கே தெரியும்.

மூன்றாம் தெரு கமலம் எழுந்து, "தலைவர் பேர்ல மண்டபம் கட்றதுக்கு தலைவர் சம்சாரமே குறுக்க நிக்குதே, இன்னா நாயம் இது" என்றாள். அதற்கும் கை தட்டினார்கள். நீ கோபப்படுவாய் என்று தெரிந்தும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிறகு ஜெயச்சந்திரன் என் பக்கம் திரும்பி, "அப்ப புத்தகம் எழுதினது நீங்கதானே, அப்படி ஏதாவது பேசிகினாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருபத்தொரு வருஷத்துப் பேச்சு லதா. எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை என்று சொன்னேன்.

மறுநாள் அண்ணியைப் போய்ப் பார்த்தேன். திட்டவில்லை. ஆனி பிறந்ததும் சங்கத்தில் கொடுத்த பாவு தறியில் ஓடிக்கொண்டிருக்கிறது, மூன்று சேலைக்கான நீளப் பட்டிழை, ஆவணி பாதியில் முடிந்துவிடும், முடிந்ததும் எழுந்துகொள்கிறேன் என்றார். எவ்வளவு பெரிய மனசு பார். ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி அடிக்கல் நாட்டு விழா குறித்தாகிவிட்டது. பத்துப் பன்னிரண்டு நாள் இடிக்கிறது. பேசிச் சமாளித்துவிடலாம்.

நீ பயப்படாதே. ஓடுகிற பாவை யாரும் அறுக்க மாட்டார்கள். நெய்கிறவர் செத்தால்தான் அறுப்பது, அதுவும் வீட்டு ஆள்தான் அறுப்பது. இங்கே இருக்கிற அத்தனை பேரும் தறியில் பிறந்தவர்கள்தான்.

அன்புடன்,
தருமன்


கண்ணமங்கலம்
24.8.1997

சங்கத் தலைவர் தருமன் அவர்களுக்கு,

தறியில் பிறந்தவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். இருபதாம் தேதி காலையில் அவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

பக்கத்துக் கடைக்கு யாரோ போன் செய்து, உங்கம்மா தெருவுல உட்கார்ந்துகினு கீறாங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். பெயர் சொல்லவில்லை. ஆரணியில் இரக்கப்படுகிறவர்கள்கூட ஒளிந்துகொண்டுதான் இரக்கப்பட வேண்டியிருக்கிறது. பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்து வந்தேன். ஆபீஸ் சுவரோரம் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பாத்திர மூட்டை. மடியில் துணி சுற்றிய தறிச் சாமான், அதன் ஒரு பக்கம் பாதி நெய்த சேலை, மறுபக்கம் அறுந்த பட்டிழை. கொட்டகைக்குள்ளே கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தறிக்குழியில் செங்கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே பந்தல்காரன் வண்ணத் துணி கட்டிக்கொண்டிருந்தான். அப்பா படத்துக்கு சீரியல் லைட் சுற்றிக்கொண்டிருந்தான் இன்னொருவன். அந்தப் படத்துக்கு நேர் கீழே அம்மா உட்கார்ந்திருந்தார். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க நான் என்ன பாவம் செய்தேன் என்று தெரியவில்லை.

காலனி முழுக்க நடந்தேன். யாராவது ஒரு வாசலில் ஒருவராவது நிற்பார்கள் என்று நினைத்தேன். அம்மா ஊற்றிய கஞ்சியில் உடம்பு வளர்த்தவர்கள் எத்தனை பேர் அந்தத் தெருக்களில் இருக்கிறார்கள் தெரியுமா உங்களுக்கு. ஒரு தலை தெரியவில்லை. எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. வேலை மும்முரம் போலிருக்கிறது. உங்கள் பதினாலாம் நம்பர் வீட்டுக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

பன்னிரண்டு நாள். மூன்று நாள் ஊரையே நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு கிழவி பன்னிரண்டு நாள் நெய்து முடிக்கிற வரை பொறுக்க முடியவில்லை. பாவைச் சுற்றி எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்றேன் அங்கே நின்றவனிடம். அதற்கு அரை நாள் ஆகும், அவங்க குழியை விட்டு ஏறவும் மாட்டேன்னாங்க, அறுத்தாத்தான் ஏறுவாங்கன்னு அறுத்துட்டாங்க என்றான். செத்தவர் தறியைத்தான் அறுப்பது என்று நீங்கள் எனக்கு எழுதினீர்கள். உயிரோடு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தவர் தறியை அறுத்திருக்கிறீர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

யார் கை அறுத்தது என்று அம்மாவைக் கேட்டேன், கெஞ்சினேன், கத்தினேன். "எவனோ ஒருத்தன். வுடு" என்கிறார். அவனைக் காப்பாற்றுகிறார். நீங்கள் சொல்லுங்கள். தலைவருக்குத் தெரியாமல் இருக்காது.

ஸ்வர்ணலதா,
ஜெகநாதன் மகள்


ஆரணி
2.9.1997

லதா,

இதை நான்கு தரம் எழுதிக் கிழித்தேன்.

அறுத்தது நான்.

எட்டு மணிக்குப் போனோம். ஜெயச்சந்திரன், நான், இன்னும் ஒன்பது பேர். எங்களைப் பார்த்ததும் அண்ணி தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்துவிட்டார். "அண்ணி, ஏந்திருங்க, பேஜார் பண்ணாதீங்க" என்றேன். "ஏந்திருக்க மாட்டேன்னு எப்ப சொன்னேன் தருமா? பாவு முடியட்டும், ஏந்துக்கிறேன்" என்றார். தறியில் நாடா இடமும் வலமும் போய் வந்துகொண்டே இருந்தது. ஜெயச்சந்திரன் வெளியே நின்று, "ஜல்தி முடிங்க, பந்தல்காரன் காத்துகினு கீறான்" என்று சத்தம் போட்டார். ஒருவன் அரிவாளை எடுத்துக்கொண்டு, பாவைக் கொத்தாகப் பிடித்து ஓங்கினான். அவன் வெட்டியிருந்தால் அத்தனை பட்டும் பாழ். யாராலும் திரும்ப இணைக்க முடியாது. அவனைத் தள்ளிவிட்டு, அறுப்பதென்றால் நான் அறுக்கிறேன் என்று கத்திரியை வாங்கினேன்.

இழைகளைக் கோத்திருக்கிற அச்சுக்குப் பின்னால் ஒரு முழம் விட்டு, ஒவ்வொரு கொத்தாக அறுத்து, இரண்டு முனையிலும் முடி போட்டேன். திரும்ப இழைக்கு இழை சேர்க்க வசதியாக இருக்கட்டும் என்று. பன்னிரண்டு கொத்து. அண்ணி நிறுத்தவே இல்லை. நான் ஒரு பக்கமாக அறுத்துக்கொண்டு வர, மறுபக்கம் நின்றிருந்த இழையில் அவர் நெய்துகொண்டே இருந்தார். கடைசிக் கொத்தை அறுத்ததும் பாவு தளர்ந்து அவர் மடியில் விழுந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். "முடி ஒழுங்கா போட்டியா தருமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவராகவே ஏறி வந்தார்.

பொதுக்குழுவில் எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அண்ணன் அன்று போட்டிருந்த சட்டை வரை ஞாபகம் இருக்கிறது. குமரேசன் போன வருஷம் இரண்டு பவர்லூம் போட்டான், கைத்தறிக்கென்று சங்கத்தில் கொடுத்த பட்டை அதில் ஓட்டினான். ஜெயச்சந்திரனிடம் பிடிபட்டுவிட்டான். அவர் வெளியே சொல்லியிருந்தால் என் உறுப்பினர் உரிமையும் போயிருக்கும், அவனும் ஜெயிலுக்குப் போயிருப்பான். அதனால் வாயை மூடிக்கொண்டேன். இதை உனக்குச் சொல்வது மன்னிப்புக்காக இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

அந்த அரிவாளுக்கு என் கத்திரி மேல் என்று நினைத்துத்தான் செய்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

தருமன்


கண்ணமங்கலம்
3.12.1997

சங்கத் தலைவர் அவர்களுக்கு,

முடி ஒழுங்காகத்தான் போட்டிருந்தீர்கள். அம்மாவே சொன்னார். ஜெயிலுக்குப் போன கையல்லவா, கட்டுப்பாடாகத்தான் வேலை செய்யும்.

மகன் ஜெயிலுக்குப் போகக்கூடாது என்று தலைவர் மனைவியைத் தெருவுக்கு அனுப்பினீர்கள். ஊர்ப் பிள்ளைகள் பசிக்காமல் இருக்க என் அப்பா ஜெயிலுக்குப் போனார். இந்த இரண்டு வரியையும் நீங்களே சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

அம்மா என்னோடு இருக்கவில்லை. மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று முள்ளிப்பட்டுக்குப் போய்விட்டார். சின்னம்மாள் என்று ஒருவர் தன் வீட்டில் ஒரு தறிக்கு இடம் கொடுத்தார். முள்ளிப்பட்டில் யாரும் உங்கள் சங்கத்தில் இல்லை. அப்பாவால் அவர்களுக்கு ஒரு வீடும் வரவில்லை, ஒரு கஞ்சியும் கிடைக்கவில்லை. கூலிக்கு நெய்கிறவர்கள். இந்தம்மா யார் என்றுகூடக் கேட்காமல் குழி வெட்டிக் கொடுத்தார்கள்.

நீங்கள் அறுத்த பாவை அம்மா அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு இழையாக எடுத்து முடிச்சுப் போட்டார். நாலாயிரத்துச் சொச்சம் இழை. கண் சரியில்லாமல் பதினொரு நாள் ஆயிற்று. நான் கிழித்துப் போடு என்றேன். "சங்கத்துப் பட்டு இது. நெய்ஞ்சு குடுக்காம இன்னா பண்றது" என்றார். நெய்து முடித்துவிட்டார். மூன்று சேலையும் இந்தக் கடிதம் கொண்டுவருகிற ஆளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கடைசிச் சேலையில், முடிச்சுப் போட்ட இடத்தில், குறுக்கே ஒரு கோடு தெரியும். சங்கத்தில் குற்றச் சேலை என்று எழுதிக்கொள்ளுங்கள். யார் குற்றம் என்று எழுத அந்தப் புத்தகத்தில் இடம் இருக்காது.

இனி எழுதாதீர்கள்.

ஸ்வர்ணலதா


ஆரணி
18.3.1999

அன்புள்ள லதாவுக்கு,

எழுதாதே என்றாய். இது சங்கத்தின் சார்பாக எழுதுவது, தலைவர் என்கிற முறையில் என் கையெழுத்து.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி மண்டபத் திறப்பு விழா. அழைப்பிதழ் இணைத்திருக்கிறேன். அண்ணியை மேடையில் உட்காரவைத்து பொன்னாடை போர்த்த வேண்டும் என்று பொதுக்குழு விரும்புகிறது. கமலமே எழுந்து சொன்னாள், அழுதாள். கார் அனுப்புகிறோம். அண்ணன் நெய்த தறியின் மரம் ஏதாவது உங்களிடம் இருந்தால் கொண்டுவரவும். கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஆசைப்படுகிறார்கள்.

லதா, ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். ஊர் தன்னால் முடிந்ததைச் செய்கிறது.

தருமன்


கண்ணமங்கலம்
26.3.1999

சங்கத் தலைவர் அவர்களுக்கு,

அழைப்பிதழ் நன்றாக அச்சாகியிருக்கிறது. அப்பா பெயருக்கு முன்னால் ஆறு பட்டம் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன்.

முள்ளிப்பட்டுக்குப் போய் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, மேடை எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டார். கிழக்குச் சுவரோரம் என்றேன், ஆரணி வந்தபோது எட்டிப் பார்த்திருக்கிறேன். "அப்ப குழி மேலதான் போட்டுகிறாங்க" என்றார். எழுந்து தறிக்குப் போய்விட்டார். தன் குழியை மூடிய இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்துவது உங்கள் யாருக்கும் உறுத்தவில்லை. கமலம் அழுதாள் என்கிறீர்கள். நாயம் கேட்டவளும் அவள்தானே. நன்றாக அழட்டும்.

தறி மரம் கேட்கிறீர்கள். அது முள்ளிப்பட்டில் வேலை செய்துகொண்டிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேறு ஏதாவது செத்ததாகத் தேடிக்கொள்ளுங்கள்.

சிலையையும் பார்த்தேன். போட்டோ இல்லாமல் செய்ததால் அப்பா மாதிரி இல்லை. நல்ல கொழுத்த மளிகைக் கடைக்காரர் மாதிரி இருக்கிறது. உங்களுக்கு அந்த ஆள்தான் பொருத்தம், அவருக்கே மாலை போடுங்கள். அந்தப் போட்டோவில் அப்பாவின் தோளில் கை போட்டு நீங்கள் நிற்கிறீர்கள். அது மண்டபத்தில் தொங்கினால் தினமும் அதைப் பார்க்க வேண்டியவன் தருமன்தான், அவனுக்கு அந்தத் தண்டனை வேண்டாம் என்று சொல்லித்தான் அம்மா கொடுக்கவில்லை. என்னிடம் நேற்றுதான் சொன்னார். எனக்கு அத்தனை பெரிய மனசு இல்லை. அதனால் இதை எழுதிவிடுகிறேன்.

ஸ்வர்ணலதா


ஆரணி
4.2.2004

லதாவுக்கு,

அண்ணி போய்ப் பதினோரு நாள் ஆகிறதாம். நேற்று ஆரணி பஸ் ஸ்டாண்டில் முள்ளிப்பட்டு ஆள் ஒருவன் போகிறபோக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உனக்கு என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் ஒரு சாவைச் சொல்லாமல் மறைப்பது எந்த ஊர் வழக்கம்? எதிரி வீட்டுக்குக்கூட ஆள் அனுப்பிச் சொல்வார்கள். நான் அவர் கையால் சாப்பிட்டவன். காலனியில் அத்தனை பேரும் உன்மேல் கோபமாக இருக்கிறார்கள். தலைவர் சம்சாரத்துக்கு மரியாதை செய்ய விடாமல் மகள் தடுத்துவிட்டாள் என்கிறார்கள். சொல்லியிருந்தால் தொண்ணூற்றாறு வீட்டிலும் தறியை நிறுத்தியிருப்போம். அண்ணனுக்கு நின்ற மாதிரியே நின்றிருக்கும். அதைச் செய்ய விடவில்லை நீ.

நான் இப்போது தலைவர் இல்லை. உடம்பு முடியவில்லை, வீட்டில் ஒரு தறி மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். போன தையில் குமரேசன் கல்யாணம் அந்த மண்டபத்தில்தான் நடந்தது. நான் மேடை ஏறவில்லை. கால் வலி என்று சொல்லி வாசலிலேயே நின்றுகொண்டேன்.

நேற்று சாயங்காலமே சங்கத்தில் கூட்டம் போட்டு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றினோம். நானே புத்தகத்தை வாங்கி எழுதினேன்.

இன்னொன்று. அந்தக் கோடு விழுந்த சேலையைச் சங்கத்தில் யாரும் எடுக்கவில்லை. அன்றே நான் எடுத்து என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். என்றைக்காவது அண்ணிக்கு ஒன்று ஆகிவிட்டால் அதைத்தான் அவர்மேல் போர்த்த வேண்டும் என்று ஆறு வருஷமாக வைத்திருந்தேன். இப்போது அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பதில் போடு.

தருமன்


கண்ணமங்கலம்
12.2.2004

சித்தப்பா,

அம்மா தறியில் உட்கார்ந்திருக்கும்போதே போய்விட்டார். ஜனவரி இருபத்துநாலு, சனிக்கிழமை, காலை ஆறு மணிக்கு. சின்னம்மாள் பார்த்து எனக்குப் போன் செய்தார். நான் போய்ச் சேர்வதற்குள் முள்ளிப்பட்டில் ஒரு வீட்டிலும் தறிச் சத்தம் இல்லை. அம்மாவின் தெருவில் மட்டும் இல்லை, ஊர் முழுக்க நிறுத்தியிருந்தார்கள். கூலிக்காரர்கள், ஒரு நாள் நின்றால் அடுத்த நாள் கஷ்டம். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அம்மா யார் மனைவி என்பதே அன்றுதான் தெரியும்.

தறியில் பாதிப் பாவு இருந்தது. வீட்டு ஆள்தான் அறுக்க வேண்டும் என்று கத்திரியை என் கையில் கொடுத்தார்கள். அறுத்தேன். நான் அறுத்ததுதான் முறைப்படி அறுத்தது.

போர்த்துவதற்குச் சின்னம்மாள் தன் பெட்டியிலிருந்து ஒரு நூல் புடவை கொண்டுவந்தார். புதுசு, நீலம். அம்மாவுக்கு அது நன்றாக இருந்தது. உங்கள் பெட்டியில் இருக்கிற சேலை உங்களிடமே இருக்கட்டும். தேவைப்படுகிறபோது உங்களுக்குப் போர்த்தச் சொல்லுங்கள்.

இரங்கல் தீர்மானம் எழுதினேன் என்கிறீர்கள். அம்மாவைப் பற்றி அந்தப் புத்தகத்தில் விழுந்த முதல் வரி அதுதான். எழுபத்தாறிலேயே எழுதியிருந்தால் ஒரே ஒரு வரி போதும். இத்தனை கடிதமும் வேண்டியிருந்திருக்காது.

காலனியில் என்மேல் கோபம் என்கிறீர்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. மாலையும் மைக்கும் வைத்து அழ ஒரு நல்ல சந்தர்ப்பத்தைக் கெடுத்துவிட்டேன். சொல்லியிருந்தால் வந்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். தறியையும் நிறுத்தியிருப்பீர்கள். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது, அபிதகுசாம்பாளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று ஒவ்வொருவரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். அந்த நிம்மதியைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அன்று பகல் ஒரு மணிக்கு அம்மாவை எடுத்தோம். ஒன்றரைக்கு எரியூட்டினோம். இருபத்துநாலாம் தேதி, சனிக்கிழமை. அந்த நேரத்தில் எங்கே இருந்தோம் என்று யோசித்துப் பாருங்கள், காலனியில் எல்லோரையும் யோசிக்கச் சொல்லுங்கள். முகூர்த்தக் காலம், ஒருத்தரும் ஓய்ந்திருக்க மாட்டீர்கள். அம்மா பாடையில் கிடந்தார், நீங்கள் தொண்ணூற்றாறு வீட்டிலும் தறி மிதித்துக்கொண்டிருந்தீர்கள். அதற்காகத்தான் சொல்லவில்லை.

லதா